ஆறு மில்லிமீட்டர்

சோஹார். ஆகஸ்ட். இரவு பதினொன்றே கால்.
ஈயக் கவசம் ஏழு கிலோ, அதற்குள்ளே நான்.
கத்தி பிடிப்பவன் இல்லை.
டாக்டர் "இமேஜ்" என்றால் மிதியை அழுத்துவேன்.
திரையில் எலும்பு வரும், நிற்கும்.
பதினான்கு வருடமாக இதுதான் உத்தியோகம்.

மேசையில் முராத், பலூச்சிப் பையன், பதினோரு வயது.
கடற்கரை மணலில் அண்ணனின் நாலுசக்கர பைக் கவிழ்ந்து
முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே
கால் புதிதாக ஓர் இடத்தில் மடங்கிவிட்டது.
அதைச் சொல்ல அவன் அப்பாவுக்கு வார்த்தை வரவில்லை.
தன் முன்கையின் குறுக்கே
விரலால் ஒரு கோடு கிழித்துக் காட்டினார்.

மயக்கம் ஏறும்வரை எண்ணச் சொன்னார்கள்.
வாஹத், இத்னேன், தலாத்தா...
நாலு வரவில்லை.
நான் சொல்லிக்கொண்டேன், முகமூடிக்குள்.
பாதியில் நின்ற எண்ணிக்கை எனக்கு ஆகாது.

டாக்டர் இசாம், சூடான்காரர்,
மூன்று மில்லிமீட்டர் டைட்டானியக் கம்பிகள் இரண்டை
வில்லாக வளைத்து விளக்கில் பிடித்துப் பார்க்கிறார்.
பெரியவர்களுக்கென்றால் உச்சியிலிருந்து ஒரே தடிக்கம்பி.
பிள்ளைக்கு அப்படி இறக்க முடியாது.
முழங்காலை ஒட்டிக் கீழே ஒரு கறுப்புக் கோடு,
பார்த்தால் முறிவு மாதிரியே.
பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாள் அதைக் காட்டி
"இங்கேயும் உடைஞ்சிருக்கு சார்" என்பார்கள்.
அங்கிருந்துதானப்பா கால் நீளுகிறது.

இமேஜ்.
கோட்டுக்கு இரண்டு செண்டிமீட்டர் கீழே, பக்கத்துக்கு ஒரு துளை.
இமேஜ்.
கம்பி உள்சுவரில் உரசி, திரும்பி, இறங்குகிறது.
இமேஜ்.
முறிவின் விளிம்பில் நிற்கிறது.
அந்தப் பக்கத்துத் துண்டு ஒரு நூல் விலகியிருக்கிறது.
லிசம்மா சிஸ்டர் தொடையைப் பிடித்துக்கொள்ள
டாக்டர் குதிகாலை இழுக்கிறார், இன்னும் கொஞ்சம்,
சுத்தியல் ஒரே ஒரு தட்டு.
தாண்டிவிட்டது.
மற்றக் கம்பி எதிர்ப்பக்கத்திலிருந்து.
இரண்டும் உள்ளே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே கிடக்கும்;
அந்தத் தள்ளுமுள்ளில்தான் எலும்பு நேராக நிற்கிறது.

என் இடது செருப்பின் குதியில்
ஒன்றரை செண்டிமீட்டர் கார்க் ஒட்டியிருக்கிறது.
ஒன்பது வயதில் லாரி டயர் ஒன்று உருண்டு வந்தது.
மாவுக்கட்டு போட்டார்கள்.
துண்டின் மேல் துண்டு ஏறி அப்படியே ஒட்டிக்கொண்டது.
யாரையும் குறை சொல்லவில்லை.
அன்றைக்கு எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர்.

விடிகாலையில் போர்வைக்கு வெளியே ஐந்து விரல்.
"அசை" என்றாள் லிசம்மா.
பெருவிரல் முதலில், மற்றவை கொஞ்சம் யோசித்து.

அடுத்த ஜூனில் கம்பி எடுக்க வந்தான்.
மீசை இல்லை. குரல் மட்டும் முந்திக்கொண்டு உடைந்திருந்தது.
புதுப் படத்தைப் பழையதன் பக்கத்தில் வைத்தேன்.
முறிந்த இடத்தில் லேசான தடிப்பு, வேறொன்றுமில்லை.
துளைக்கும் கோட்டுக்கும் நடுவே அளவை இழுத்தேன்:
அன்று இருபது.
இன்று இருபத்தாறு.
கம்பி நழுவிவிட்டதோ என்று அவன் அப்பா
என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.
கம்பி வைத்த இடத்தில்தான் இருக்கிறது.
கோடு மேலே போய்விட்டது.
இதை அரபியில் எப்படிச் சொல்வது?
"வலத் கபீர்" என்றேன். பையன் பெரிசு.
அவர் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார்,
பிறகு பார்க்கிங் சீட்டைத் தேடினார்.

இந்த முறை முராத் ஐந்து வரை எண்ணினான்.

சாயங்காலம் சாம்பிள் பாட்டிலில் அவனுடைய கம்பிகள்,
கேட்டு வாங்கிக்கொண்டான்.
காதருகே ஆட்டிக்கொண்டே நடைபாதையில் போனான்,
கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான்.
அது தையல் வலி. வாரத்தில் போய்விடும்.
அவன் திரும்பி மறையும்வரை
இரண்டு காலின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கேஸ் இடுப்பு, எழுபது வயது.
கவசத்தை மாட்டினேன்.